அத்தியாயம் 4: மூன்றாவது சம்பளம் வரும்வரை

கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற பிள்ளைகளுக்கு இணையவழியே படிப்பிக்கும் வேலை சரிவந்துவிட்டது என்றதும் வீட்டுக்குள் கணக்குகள் மாறத் தொடங்கும். அடகில் கிடக்கும் சங்கிலியை மீட்கலாம், சீட்டில் இன்னொரு பங்கு போடலாம், லாப்டொப்பைத் தவணைக்கு எடுக்கலாம். மூன்றாவது மாதச் சம்பளம் உங்கள் வங்கிப் புத்தகத்தில் பதியும்வரை இவற்றில் ஒன்றையும் செய்யாதீர்கள். அதுவரை ரியூசன் வகுப்பை விடவேண்டாம்; வயலைக் குத்தகைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

முதல் மாதச் சம்பளம் பெற்றோரின் ஆர்வத்தில் நேரத்துக்கு வரும். இரண்டாவது பெரும்பாலும் பிந்தும். வங்கி இலக்கத்தில் ஒரு பிழை, அங்கே ஒரு விடுமுறை, "மறந்துபோனன் ரீச்சர்" என்று ஒரு சொல். மூன்றாவது மாதத்தில்தான் கொடுப்பவரின் பழக்கம் தெரியும். நல்ல மனிதர்கள்கூடக் காசு விடயத்தில் பிந்துவார்கள். அவர்கள் பிந்துகிற நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

முல்லைத்தீவில் வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்று, கேப்பாப்புலவுப் பக்கத்தில் இந்த வேலைக்குத் தகுதியான பலர் இருக்கிறார்கள். பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள், சிறிய கொடுப்பனவோடு வருடக்கணக்காகப் பாடசாலையில் நின்ற தொண்டர் ஆசிரியர்கள், 2020 இல் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்தவர்கள், சங்கீதமும் வயலினும் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள். இணையவழிப் படிப்பித்தல் இவர்களுக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடத்தியவர்கள்தான் இவர்கள். அப்போது டேட்டாவுக்கு ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைத்தான் கொடுத்தார்கள். 2021 யூலையில் நாடெங்கும் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்துப் பல மாதம் நின்றதற்குப் பின்னால் அந்தச் சுமையும் இருந்தது. அன்று சும்மா செய்த வேலைக்கு இன்று கூலி கேட்கப்போகிறீர்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வேலை தருபவர் யார்?

மூன்று வகையினர் வருவார்கள். சொந்தக்காரர் வழியாக வரும் பெற்றோர் ஒரு வகை. புலம்பெயர்ந்த ஒருவர் பத்து, இருபது பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் இணைய வகுப்பு இன்னொன்று. எங்கோ பதிவுசெய்த நிறுவனம் மூன்றாவது. முதல் வகையில் நம்பிக்கை அதிகம், எழுத்தில் ஒன்றும் இராது. மூன்றாவதில் எழுத்தில் எல்லாம் இருக்கும், ஆளை ஒருநாளும் காணமாட்டீர்கள்.

எந்த வகையானாலும் சில விடயங்களை முதல் வகுப்புக்கு முன்னரே கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில், மாதத்தின் எந்தத் திகதிக்குள், எந்த வழியாக, அனுப்பும் செலவு யாருக்கு, பிள்ளை வராத நாளின் கணக்கு என்ன. கேட்பதற்குச் சங்கடமாக இருந்தால் இதை இப்படியே அனுப்பலாம்:

"வணக்கம் அக்கா. மாதம் நான்கு வகுப்பு. மாதத்தின் முதல் கிழமைக்குள் அந்த மாதத்துக் காசை அனுப்பிவிடுங்கோ. ஒரு நாளைக்கு முதலே சொன்னால் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித் தருவன். பிந்திச் சொன்னால் அந்த வகுப்பு நடந்ததாகக் கணக்கு. என்னால் எடுக்க முடியாமல் போனால் கட்டாயம் திருப்பி எடுப்பன்."

கடைசி வரி முக்கியம். அது இருப்பதால்தான் முன்னுள்ள வரிகளைச் சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது. பிறந்தநாள், நீச்சல் வகுப்பு, காய்ச்சல் என்று மாதத்தில் ஒரு வகுப்பாவது விடுபடும். சனிக்கிழமை மாலை குளித்து, உடுப்பு மாற்றி, ரவுட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆசிரியருக்கு அந்த நேரம் போனது போனதுதான். பெற்றோருக்கு அது தெரியாமல் இருக்கலாம். சொன்னால் பெரும்பாலானோர் விளங்கிக்கொள்வார்கள்.

வேலைக்குச் சேர முன் "பயிற்சிக் கட்டணம்", "பதிவுக் கட்டணம்", "வைப்புப் பணம்" கேட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் கூடுதல் சம்பளம் என்றாலும் அப்படியே. ஆட்சேர்ப்பில் காசு பெருகும் பிரமிட் திட்டங்கள் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. அவற்றை நடத்துவதும் பரப்புவதும் குற்றம். ஆசிரியர் வேலை என்ற பெயரில் வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

ஏற்கனவே அரச நியமனத்தில் இருப்பவர்கள் வெளிவேலை செய்வது பற்றித் தாபன விதிக்கோவை என்ன சொல்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காசு வரும் வழி

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் காசு நீண்டகாலமாக உண்டியலில் வந்தது. விரைவு, வீட்டு வாசலுக்கே வரும், கூடுதல் மாற்று விகிதமும் கிடைக்கும். ஆனாலும் சம்பளத்துக்கு அந்த வழி வேண்டாம். உண்டியல் காசுக்கு எழுத்தில் சாட்சி இல்லை. நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போதோ விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதோ "மாத வருமானம் என்ன?" என்ற கேள்விக்கு வங்கிப் பதிவு ஒன்றுதான் பதில். சட்டத்துக்கு வெளியேயான வழி என்பதால், இடையில் காசு தொலைந்தால் கேட்கவும் இடமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. "பிள்ளை, ஓகஸ்டில ஊருக்கு வரேக்க மொத்தமாகக் கொண்டுவந்து தாறன்" என்பது. அன்போடு சொல்கிற சொல்தான். அதை ஏற்றுக்கொண்டால் நீங்கள் பல மாதம் கடனுக்குப் படிப்பிக்கிறீர்கள். "இல்லை அன்ரி, மாதாமாதம் வந்தால்தான் எனக்குச் சமாளிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

வங்கி வழியிலும் வேறுபாடு உண்டு. சர்வதேச வங்கி மாற்றாக ஸ்விப்ட் மூலம் சிறு தொகை வந்தால் இடையிலுள்ள வங்கிகள் எடுக்கும் கட்டணத்தில் கணிசமான பங்கு போய்விடும். ஐம்பது, அறுபது டொலரை அப்படி அனுப்பவைப்பது உங்களுக்கு நட்டம். வைஸ் போன்ற சேவைகள் ரூபாயாகவே உங்கள் கணக்கில் போட்டுவிடும். நிறுவனங்கள் பல பேயோனியர் மூலம் கொடுக்கின்றன. இரண்டு, மூன்று பெற்றோர் ஒரே நகரில் இருந்தால் ஒருவரிடம் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பச் சொல்லலாம். வங்கியில் "தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு" ஒன்றைத் திறந்தால் டொலரையோ பவுணையோ அப்படியே வைத்திருக்கவும் முடியும். 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வங்கிக்குப் போகும்போது அடையாள அட்டையோடு, வேலைபற்றிய செய்திகளின் ஓர் அச்சுப் பிரதியையும் கொண்டுபோங்கள். காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்.

நாணய மாற்றில் கனவு காணாதீர்கள். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதாக அறிவித்தது. மே மாதம் டொலர் 360 ஐ எட்டியது. ஓராண்டு கழித்து, 2023 நடுப்பகுதியில், அதே டொலர் 300 ரூபாயை அண்டி இறங்கியது. ஏறிய விலையை நம்பிக் கடன் எடுத்தவருடைய கையில் ஆறில் ஒரு பங்கு இல்லாமல் போயிற்று. வீட்டுக் கணக்கை இன்றைய விகிதத்தில் எழுதாமல் அதைவிடப் பத்து வீதம் குறைத்து எழுதுங்கள்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய்வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டு நாணயம் முன்பு விலக்காக இருந்தது. அதே திகதியிலிருந்து வரிக்குட்பட்டது, உச்ச வரி 15 வீதம். நீங்கள் தொடங்கும் அளவில் வரி வராது. ஆனால் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை இப்போதே எடுத்துவைத்து, வந்த ஒவ்வொரு காசையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவாருங்கள்.

கிழமைக் கடனும் மாதச் சம்பளமும்

வன்னியில் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி இதுதான். போருக்குப் பின் மீள்குடியேறிய ஊர்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் தவணை அறவிட்டன. ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று பெண்கள் அதில் சிக்கினார்கள். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய்வரையான நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. முல்லைத்தீவும் அதில் ஒன்று. அந்த அளவுக்கு முற்றிய துன்பம் அது.

உங்கள் புதிய வருமானம் மாதத்துக்கு ஒருமுறை வரும், சில மாதம் பிந்தி வரும். கடன்காரர் ஒவ்வொரு கிழமையும் வருவார். வருமானத்தின் தொகை போதுமானதாக இருந்தாலும் திகதிகள் பொருந்தாது. அந்த இடைவெளியை நிரப்ப எடுக்கும் கைமாற்றுத்தான் புதிய கடனின் தொடக்கம். ஆகவே இணையவழிச் சம்பளத்தை நம்பிக் கிழமைத் தவணைக் கடன் எடுக்கவே வேண்டாம். ஏற்கனவே இருந்தால், அதை ரியூசன் காசு, முட்டை, பால், இறால் என்று நாளாந்தம் கைக்கு வருகிற காசிலேயே தொடர்ந்து கட்டுங்கள். மூன்று மாதம் கழித்து, சேர்ந்த சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் முதலைக் குறைக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. ஆறு பிள்ளைகள், ஆளுக்குக் கிழமைக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதம் 24 வகுப்பு, 36,000 ரூபாய். இந்தத் தொகையை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். விடுபடும் வகுப்பு, டேட்டா, வங்கிக் கட்டணம் எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24,000 ரூபாய்தான் வருமானம் என்று எழுதுங்கள். அதுவும் பன்னிரண்டு மாதமும் வராது. ஐரோப்பாவில் யூலை, ஓகஸ்டில் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், டிசெம்பர் கடைசியிலும் அப்படித்தான். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் கையைக் கடித்துக்கொண்டு இருந்து பழகிய வீடுகளுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். நிறுவனத்தில் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம் போகும். இங்கே முதலாளி இல்லை. அந்த 20 வீதத்தை நீங்களே ஒதுக்க வேண்டும். 24,000 இல் அது 4,800.

நேரம்

வெளிநாட்டு நேரத்தைத் தவறாக விளங்கி முதல் வகுப்பையே தவறவிட்டால் வேலையின் பாதி நம்பிக்கை போய்விடும். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, கோடையில் ஒன்பதரை. இலண்டன் குளிரில் ஐந்தரை, கோடையில் நாலரை. பாரிசும் சூரிச்சும் குளிரில் நாலரை, கோடையில் மூன்றரை. மெல்பேர்ண் எங்களுக்கு முன்னால்: அவர்களுடைய கோடையில் ஐந்தரை, மற்றக் காலத்தில் நாலரை.

இதைப் பாடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ரொறன்ரோப் பிள்ளையின் சனிக்கிழமை காலை 9 மணி குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 7.30. மிக நல்ல நேரம். அதே பிள்ளையின் பாடசாலை நாள் மாலை 6 மணி எங்களுக்கு அடுத்த நாள் அதிகாலை 4.30. கோடையில் அது 3.30 ஆகிவிடும். அந்த நேரத்தை ஏற்கவேண்டாம். பகலிலும் வேலை செய்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் உடம்பு தாங்காது. சூரிச்சின் மாலை 5 மணி குளிரில் இரவு 9.30, கிழமைக்கு இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். மெல்பேர்ண் பிள்ளை பாடசாலை விட்டு வந்து 5 மணிக்கு இருந்தால் எங்களுக்குப் பகல் 11.30 அல்லது 12.30. வீட்டில் இருக்கும் தாய்மாருக்கு, தங்கள் பிள்ளைகள் பாடசாலையில் நிற்கும் நேரம் அது.

மணிக்கூடு மாற்றும் நாட்களைக் கலண்டரில் குறித்துவையுங்கள். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மாற்றுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணும் சிட்னியும் ஏப்ரல், ஒக்டோபர் முதல் ஞாயிறுகளில். மார்ச்சில் இரண்டு, மூன்று கிழமைக்கு ஒருவர் மாற்றியிருப்பார், மற்றவர் மாற்றியிருக்கமாட்டார். அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல்நாள் ஒரு செய்தி போட்டு நேரத்தை உறுதிசெய்யுங்கள்.

உங்கள் பக்கத்து நாட்களையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் பொங்கல் நடக்கும் திங்கட்கிழமையும் அதற்கு முன்பின் நாட்களும் வற்றாப்பளையில் வகுப்பு எடுக்க இயலாது. ஒலிபெருக்கி, சனம், வீடு நிறைய விருந்தினர், தொலைபேசிக் கோபுரத்தில் நெரிசல். ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டால் யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

இணைப்பும் கரண்டும்

சூமில் ஒருவருக்கொருவர் பேசும் வகுப்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜி.பி. எடுக்கும். மேலே சொன்ன 24 வகுப்பும் முக்கால் மணி வீதம் 18 மணித்தியாலம், சுமார் 10 ஜி.பி. கூட்டு வகுப்பில் இது இரட்டிக்கும். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். கூகுள் மீற்றில் இருவர் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மூவரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். சிறு பிள்ளைகள் அரை மணிக்கு மேல் திரையில் ஒழுங்காக இருப்பதுமில்லை, ஆகவே காசு கட்டிக் கணக்கு எடுக்க அவசரப்பட வேண்டாம்.

எந்த சிம் நல்லது என்று கடையில் கேட்காதீர்கள். நீங்கள் இருக்கப்போகும் அதே அறையில், வகுப்பு எடுக்கப்போகும் அதே நேரத்தில் டயலொக்கையும் மொபிற்றலையும் சோதித்துப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு ஓடும் இணைப்பு இரவு எட்டு மணிக்கு, ஊர் முழுவதும் போன் பார்க்கும்போது, இழுபடும். ஒன்றை ரவுட்டரில் வைத்து மற்றதைப் போனில் வையுங்கள். 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது; இந்த வருமானத்துக்கு அதன் செலவு இப்போது பொருந்தாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் முழு நாடும் இருண்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் பல மாவட்டங்களின் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் அறுத்தது. ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ரவுட்டருக்கான சிறிய மினி யூ.பி.எஸ். லாப்டொப்பும் போனும் தங்கள் பற்றரியில் ஓடும். ரவுட்டர்தான் கரண்ட் நின்ற கணமே சாகும். இரண்டாவது, வாயருகே மைக் உள்ள ஒரு ஹெட்செட். மாரியில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்க வேறு வழி கிடையாது. நல்ல போன் ஒன்று இருந்தால் மூன்று மாதத்தை அதிலேயே ஓட்டலாம், லாப்டொப் இல்லாமலே.

பாடம்

அங்கே வளரும் பிள்ளைக்குத் தமிழ் வீட்டில் காதில் விழும் மொழி. எழுத்து பின்னால் வருகிறது. முதல் வகுப்பில் "அ" எழுதச் சொல்லாதீர்கள். "காலையில என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று பேசவிடுங்கள். எவ்வளவு விளங்குகிறது, எந்த இடத்தில் ஜேர்மனுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவுகிறது என்று குறித்துக்கொண்டால் முதல் மாதப் பாடத்திட்டம் கையில் வந்துவிடும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் 2001 முதல் பாடங்கள் தந்துவருகிறது. புத்தகத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

நந்திக்கடல் கரையில் இருந்து படிப்பிப்பவரிடம் வேறு யாரிடமும் இல்லாத பாடப்பொருள் உண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். "உப்புத் தண்ணியில எப்படி நெருப்பு எரியும் ரீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க முயன்றதே அன்றைய பாடம். அந்தப் பிள்ளையின் அம்மம்மா முள்ளியவளைக்காரி என்றால் அடுத்த கிழமை அவரும் திரைக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். பெற்றோர் யாரேனும் அறையில் இருப்பதையே நீங்களும் விரும்ப வேண்டும். சிறு பிள்ளையோடு தனியாக வகுப்பு எடுப்பதில்லை, அனுமதியில்லாமல் பதிவு செய்வதில்லை, பிள்ளையின் படத்தை எங்கும் போடுவதில்லை என்று முதலே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் கொப்பியை எடுத்து மூன்று சம்பளமும் வந்த திகதிகளைப் பாருங்கள். மூன்றும் பேசிய கிழமைக்குள் வந்திருந்தால், ஒரு மாத வீட்டுச் செலவுக்கான காசு தொடாமல் வங்கியில் இருந்தால், இப்போது சங்கிலியை மீட்கலாம். வட்டி ஏறிக்கொண்டிருப்பது அதில்தான், லாப்டொப் அதற்குப் பின். ஒரு வீட்டில் மட்டும் இரண்டு மாதம் பிந்தியிருந்தால் அந்த வீட்டோடு பேசி, சரிவராவிட்டால் அந்த நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள். ரியூசனை விடுவதானால் தவணை முடிவில் விடுங்கள். சாதாரணதரப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன் நடுவில் விடவேண்டாம். நிலையப் பொறுப்பாளருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் இடத்துக்கு வரக்கூடிய ஒருவரையும் காட்டிவிடுங்கள். நியமனத்துக்குக் காத்திருக்கும் இன்னொருவர் பக்கத்து ஒழுங்கையிலேயே இருப்பார்.